நான்கு மீட்டர் பின்னால்

ஆட்டத்துக்குப் போகும் வழியில் அணியின் பஸ் ஒரு சாண்கூடப் பின்னால் போகக் கூடாது, போனால் தோல்விதான். இதை எங்கள் செர்பியாவில் எந்த ஓட்டுநருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வழி தவறினால் அடுத்த ஊர் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வருவோம். பின்னால் மட்டும் எடுக்க மாட்டோம். முப்பத்தொரு வருடமாக எங்கள் ஊர் அணியின் பஸ்ஸை ஓட்டும் நான், இந்த ஸ்வெட்டோசார், ஒரே ஒரு தடவை எடுத்தேன். பங்கில் டீசல் குழாய் எட்டவில்லை. நான்கு மீட்டர்தான்.

அன்றைக்கு எங்கள் அணியில் ஆடிய மோமிருக்கு இருபத்து மூன்று வயது. அந்த வருடம் மட்டும் இருபத்தெட்டு கோல் போட்டிருந்தான். பெல்கிரேடிலிருந்து பெரிய கிளப் ஆட்கள் இரண்டு பேர் அவனைப் பார்க்கவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. மோமிர் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்து பிளம் தோப்பில் போய் விழுந்தது. வந்தவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

மோமிர் அப்புறம் சைப்ரஸ், கஜகஸ்தான் என்று அலைந்தான். முழங்கால் போனதும் பயிற்சியாளர் ஆனான். மூன்று கிளப்புகள் அவனை வேலையை விட்டுத் தூக்கின. எனக்கு வேலை போகவில்லை, மானம்தான் போயிற்று. ஊர் எனக்கு 'ரிக்வெர்ட்ஸ்' என்று பெயர் வைத்தது. எங்கள் பக்கத்தில் ரிவர்ஸ் கியரை அப்படித்தான் சொல்வோம். என் மகள் கல்யாணத்தில் டிரம்பெட் வாசிக்க வந்த மிலுன், என்னைக் கண்டதும் பின்பக்கமாகவே நடந்துகொண்டு வாசித்தான். சம்பந்தி வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

போன வருடம் மோமிரை எங்கள் கிளப்பே பயிற்சியாளராகக் கூப்பிட்டுக்கொண்டது. மே மாதத்தில் சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் இந்த லீகில் இருப்போம், இல்லாவிட்டால் கீழே இறங்குவோம். இறங்கினால் வியன்னாவில் மச்சானின் டயர் கடைக்குப் போய்விடுவேன் என்று மோமிர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தான். ஆனால் ஆள் முகத்தில் கவலையே கிடையாது. நான்கு கோல் போட்டவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் அன்றும் பஸ் ஏறினான்.

மைதானத்துக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர். கால்வாய்ப் பாலத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். நான் பாதிப் பாலம் ஏறிய பிறகு எதிரே வைக்கோல் டிராக்டர் ஒன்று ஏறி நின்றது. ஓட்டியவன் கழுத்தில் எதிரணியின் துண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு பூரெக் என்ற எண்ணெய்ப் பலகாரம் ஒன்றைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தான். எங்கள் வழக்கம் அவனுக்கும் தெரியும் அல்லவா? நான் ஹாரன் அடித்தேன், கெட்ட வார்த்தையில் அவன் வீட்டாரை எல்லாம் விசாரித்தேன். அவன் விரலில் ஒட்டிய எண்ணெயை நக்கிக்கொண்டிருந்தான்.

பையன்கள் நடந்தே போகலாம் என்றார்கள். ஓடப் போகிற காலை நடந்து வீணாக்க மோமிர் விடவில்லை. என் தோளைத் தொட்டான்.

"அண்ணே, பின்னால எடு."

"போடா. இன்னைக்குத் தோத்தா ஊர் என்னைக் கால்வாய்லயே தள்ளிடும். நீ வியன்னாவுக்குப் போயிடுவ. நான் எங்கடா போறது?"

மோமிர் எழுந்து பையன்கள் பக்கம் திரும்பினான். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"அன்னைக்கு இடது பக்கம்தான் அடிக்கணும்னு முடிவு பண்ணி ஓடினேன். பாதியில கீப்பர் கண்ணைப் பார்த்தேன், பயந்துட்டேன், மாத்திட்டேன். அவ்வளவுதான். பஸ்ஸுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

நான் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினேன்.

"இருபத்து மூணு வருஷமா இதை ஏன்டா சொல்லல?"

"ஊரே உன்னைச் சொல்லிச்சு. எனக்கு வசதியா இருந்துச்சுண்ணே."

அவனை அடிக்கக் கை வந்தது. அந்தக் கையாலேயே கியரைப் பிடித்து ரிவர்ஸில் போட்டேன். நான்கு மீட்டர் இல்லை, பாலம் முழுக்கப் பின்னால் எடுத்தேன். பீப் பீப் என்ற சத்தத்தில் பதினெட்டு பேரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வுகாஷின் என்ற எங்கள் முன்னணி ஆட்டக்காரன் கண்ணையே திறக்கவில்லை.

ஆட்டத்தில் அந்த வுகாஷின் தொட்டதெல்லாம் வெளியே போயிற்று. எண்பத்தாறாவது நிமிடம் வரை யாருக்கும் கோல் இல்லை. அப்போது எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வேண்டியவன் வுகாஷின். பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவன் கோலைப் பார்க்கவில்லை. கோலுக்குப் பின்னால், வேலிக்கு வெளியே நான் நிறுத்தியிருந்த பஸ்ஸையே வெறித்துப் பார்த்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பழி மறுபடியும் என் தலையில்தான் விழப் போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வந்தது கோபமா துணிச்சலா தெரியவில்லை. பஸ்ஸில் ஏறினேன், ரிவர்ஸ் போட்டேன். நடுவர் விசிலை வாயில் வைப்பதற்குள், பீப் பீப் என்று புல்லில் பின்னால் போனேன். ஜன்னல் வழியே தலையை நீட்டி அவனைப் பார்த்து, "இதோ, இன்னும் வேணுமா?" என்று கத்தினேன்.

வுகாஷின் ஒரு கணம் விழித்தான். பிறகு சிரித்தான். தோள் இரண்டும் இறங்கின. மூச்சை இழுத்து விட்டு, ஓடி வந்து இடது மூலையில் அடித்தான், மாற்றவில்லை. கீப்பர் வலது பக்கம் கிடந்தான்.

ஒன்றுக்குப் பூஜ்யம், லீகில் இருந்துவிட்டோம். திரும்பும்போது மோமிர் முன்சீட்டில் வந்து உட்கார்ந்து, மன்னித்துவிட்டாயா என்று கேட்டான். இல்லை என்றேன். வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் வந்து, மதுக்கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தினேன்.

"இறங்கு. பஸ்ல சொன்னதை உள்ள போய்ச் சொல்லு."

சொன்னான். நான் ஒரு மேசையில் போய் உட்கார, அவன் நாற்காலிமேல் ஏறி நின்று, இடது பக்கம், கீப்பர் கண், பயம், தன் வசதி என்று ஒன்றுவிடாமல் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. டிரம்பெட் மிலுன் எழுந்து, நேராக முன்பக்கமாகவே நடந்து என் மேசைக்கு வந்து எங்கள் ஊர்ப் பழச் சாராயமான ராக்கியாவை ஊற்றினான். கிண்ணத்தை நீட்டியபடியே நின்றான்.

நான் உடனே வாங்கவில்லை. கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டேன்.