நாற்பத்தேழாம் எண் வில்லை

அந்த அம்மாள் என் மேஜை முன்னால் வந்து நின்று ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மற்றவர்கள் குனிந்து பார்த்து, உச்சுக் கொட்டி, நகர்ந்து போனார்கள். இவர் மட்டும் அட்டையைப் படித்தார், பக்கத்திலிருந்த பித்தளை வில்லையைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் படித்தார். அறுபது வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை. நான் எழுதிய நான்கு வரி ஒரு மனுஷியை இப்படிக் கட்டிப் போட்டிருக்கிறதே என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பூரித்துப் போயிருந்தேன்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். முப்பது வருஷமாகச் சின்னங்கள் சேர்க்கிறேன். தளபதிகளின் பதக்கங்கள் என் கைக்கு எட்டாது, அவற்றின் மேல் ஆசையும் கிடையாது. புறாத் தபால் படையின் கைப்பட்டை, கொள்ளைநோய்த் தடுப்பு ஊழியரின் பொத்தான், சிறைச்சாலைச் சமையற்காரரின் தொப்பிச் சின்னம் என்று யாரும் சீந்தாததைச் சேர்ப்பதுதான் என் கிறுக்கு. "ஊரான் சட்டையிலிருந்து உதிர்ந்ததெல்லாம் நம்ம வீட்டுலதான் வந்து குவியணுமா?" என்பாள் மனைவி. அவள் பீரோவில் பாதி என்னுடையது. அவளுக்குக் கேட்க உரிமை உண்டு.

எங்கள் சங்கம் வருஷா வருஷம் நூலகத்து மாடியில் மூன்று நாள் கண்காட்சி வைக்கும். வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த மேஜையின் எண்ணைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள்; அதிகச் சீட்டு விழுந்த மேஜைக்குப் பரிசுக் கேடயம். பதினோரு வருஷமாக என் மேஜைக்கு ஒரு கேடயமும் வந்ததில்லை. ரிடையரான சுங்க அதிகாரி ஒருவர் இருக்கிறார், எங்களுக்கு அவர் 'சுங்கம்'. அவருடைய மேஜையில் வாளும் தலைக்கவசமும் பளபளக்கும், கூட்டம் அங்கேயே மொய்க்கும். "உன் கடையில பொத்தான் வாங்க யாரும் வரலையாப்பா?" என்று போன வருஷம் எல்லார் முன்னாலும் கேட்டார். சிரித்து மழுப்பினேன். ஆனால் அது உள்ளே தைத்துவிட்டது.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தெரிந்ததை மட்டும்தான் அட்டையில் எழுத வேண்டும். தெரியாவிட்டால் 'விவரம் இல்லை' என்று எழுதி விட்டுவிட வேண்டும். பழைய இரும்புக் கடையில் ஒரு மூட்டைப் பொத்தான்களோடு கிடைத்தது இந்த வில்லை. நீர்த்தேக்கக் காவலர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பித்தளை வட்டம். நடுவில் மதகு, கீழே 47. பின்னால் ஊசி கோணலாக வளைந்திருந்தது. விவரம் இல்லை என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அந்தக் கோணல் ஊசியைப் பார்க்கப் பார்க்கக் கை சும்மா இருக்கவில்லை. 'பெருவெள்ளத்தன்று மதகைத் திறக்காமல் உயிருக்குப் பயந்து ஓடிய காவலருடையது. கீழூர்கள் மூழ்கின. பணிநீக்கத்தின்போது அதிகாரி இதைச் சட்டையிலிருந்து பிடுங்கி எறிந்தார்.' முதல் நாளே கூட்டம் என் மேஜைக்குத் திரும்பிவிட்டது. இன்று இரண்டாம் நாள்.

"சார், இதோட பின்பக்கத்தைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றார் அந்த அம்மாள்.

எடுத்துக் கொடுத்தேன். திருப்பினார். ஊசியைத் தொட்டார்.

"இது எங்கப்பாவோடது" என்றார். "இந்த ஊசிய வளைச்சது நான்தான். ஏழு வயசுல. ஒரு டப்பா மூடி திறக்கலைன்னு இதை வச்சு நெம்புனேன். அடிப்பாருன்னு பயந்து கட்டிலுக்கடியில ஒளிஞ்சுக்கிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லலை. நூலைச் சுத்திக் கட்டி, ரிடையராகிற வரைக்கும் அப்படியேதான் குத்திக்கிட்டுப் போனாரு. கடைசி நாள் ஆபீஸ்ல திருப்பி வாங்கிக்கிட்டாங்க. நூல் இருந்திருக்குமே சார்?"

இருந்தது. கறுத்துப் போன நூல். அழுக்கு என்று பிளேடால் அறுத்து எறிந்துவிட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன்.

"எனக்குக் கிடைக்கும்போது இல்லைம்மா" என்றேன்.

அவர் தலையாட்டினார். "நேத்து என் தம்பி வந்துட்டுப் போனான். அப்பா நம்பர் நாப்பத்தேழுன்னு நான் சொல்லி அவனுக்குத் தெரியும். இந்த அட்டையைப் போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுனான். ராத்திரி சாப்பிடலை. அப்பா செத்தப்போ அவனுக்கு எட்டு வயசு, ஒண்ணும் தெரியாது. இதனாலதான் அப்பா யாரோடயும் பேசாம இருந்தாராங்கறான். இல்லடான்னா, எழுதி வச்சிருக்காங்களே, ஆதாரம் இல்லாமலா எழுதுவாங்கங்கறான். அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். என்ன ஆதாரம் சார்?"

அந்த நிமிஷமாவது உண்மை வந்திருக்கலாம். வரவில்லை. "பழைய ரெக்கார்டு ஒண்ணுல பார்த்தது" என்றேன்.

"எந்த ரெக்கார்டு? நான் போய்ப் பாக்கணும்."

பக்கத்து மேஜையிலிருந்து சுங்கம் எட்டிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"ரெக்கார்டெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நானே கற்பனையா எழுதுனது. உங்கப்பா யாருன்னே எனக்குத் தெரியாது. மன்னிச்சிடுங்க."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"கற்பனைதானா?"

"ஆமாம்மா."

"அப்போ நல்லதா ஒண்ணு எழுதியிருக்கலாமே சார்."

எனக்குப் பதில் தெரியும். நல்லதாக எழுதினால் எவனும் நிற்க மாட்டான். ஓடிப்போனவன் என்றால்தான் நிற்பான். அதை நினைத்தே எழுதினேன். முகம் தெரியாத ஒரு மனிதனை ஒரு கேடயத்துக்காகக் கோழையாக்கினேன். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? கூனிக்குறுகிப் போய் அட்டையை எடுத்து நாலாகக் கிழித்தேன். கூட்டத்தில் ஒருவர், "ஐயோ, நான் இன்னும் படிக்கலையே" என்றார்.

"கிழிச்சா என்ன ஆகும்? போட்டோ அவன்கிட்ட இருக்கே" என்றார் அவர். பையிலிருந்து போனை எடுத்து, எண்ணைத் தேடி அழுத்தி, என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான்."

வாங்கினேன். எடுத்தவரிடம் நான் யார் என்று சொன்னேன். சுங்கமும், சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் கேட்கக் கேட்க, எழுதியது அத்தனையும் பொய், வெள்ளமும் கிடையாது, பணிநீக்கமும் கிடையாது, உங்களப்பா கௌரவமாகத்தான் ரிடையரானார் என்று, மூச்சு வாங்க, ஒன்று விடாமல் சொன்னேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு முழுசாக உண்மை பேசியதில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் தாழ்ந்து வந்தது.

"அக்கா பக்கத்துல நிக்கறாங்களா சார்?"

"நிக்கறாங்க."

"அழுதாங்களா?"

"இல்ல. நான் சொல்றது சத்தியம் தம்பி. அவங்க சொல்லச் சொல்லி நான் பேசலை."

"புரியுது சார்" என்றது குரல். கோபமே இல்லை, அவ்வளவு பணிவு. "பெரிய மனசு உங்களுக்கு. எங்களுக்காக உங்க பேரையே கெடுத்துக்கறீங்க. நான் நம்பிட்டேன்னே அக்காகிட்ட சொல்லிடுங்க. வேற யாருக்கும் நான் காட்டலை."

போன் அணைந்தது. அவரிடம் திருப்பி நீட்டினேன்.

"என்ன சார் சொன்னான்?" என்று கேட்டார் அந்த அம்மாள். வில்லை இன்னும் அவர் உள்ளங்கையில்தான் இருந்தது. என் வாயையே பார்த்தபடி, கட்டைவிரலால் அந்த எண்ணை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார்.