கழகத்தின் மலர்வளையம்

வீட்டு நீராவிக் குளியலறையான சவுனாவின் கீழ்ப்பலகையில் கிடத்தியிருந்த, இறந்துபோன அப்பா ஊர்ஹோவின் பாதங்களை லெம்பி வெந்நீரில் கழுவிக்கொண்டிருந்தாள். இடது காலில் மூன்று விரல்கள்தான். உள்நாட்டுச் சண்டையில் தோற்ற பக்கம் நின்றவர். மற்ற இரண்டும் கைதி முகாமின் குளிரில் விறைத்துப் போயின.

"எட்டு விரலோட ஓடியே என் அண்ணன் அந்தக் கழகத்துக்காரனுங்களுக்கு மூச்சு முட்ட வச்சான்," என்றாள் சைமி அத்தை.

கதவு தட்டப்பட்டது. ஓட்டக் கழகத் தலைவர் சார்க்கிலா, தொப்பியைக் கையில் பிடித்தபடி பனியில் நின்றிருந்தார்.

"நாளைக்குக் கழகம் சார்பா மலர்வளையம் வைக்கணும்மா. ஒலிம்பிக்ல ஜெயிச்ச மனுஷன். எங்க ஆளு."

"உங்க ஆளா? எப்பலேர்ந்து?"

"பழசெல்லாம் இப்ப எதுக்கு? அப்ப நான் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருந்தேன்."

லெம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா பதக்கத்தைப் பால்கேன்களுக்கு மேல் ஓர் ஆணியில் மாட்டியிருந்தார். சண்டை முடிந்ததும் கழகம் அவரை நீக்கிய கடிதத்தைத்தான் பைபிளுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். முப்பத்தைந்து வருடம் தினமும் காலையில் கழகக் கட்டடத்தைத் தாண்டித்தான் ஓடினார். ஒருநாளும் தலையைத் திருப்பவில்லை. தவறு எங்களுடையது என்று கழகத்திடமிருந்து ஒரு வரி வருமென்று காத்திருந்தார். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"வளையத்து நாடாவுல இருக்கறத சத்தமா படிச்சுட்டுத்தானே வைப்பீங்க? அதுக்கு முன்னாடி இதப் படிக்கணும். முடியாதுன்னா வராதீங்க."

படித்தவரின் முகம் சிவந்தது. "இத எப்படிம்மா கல்லறையில..."

"எழுதுனப்ப உங்க கழகத்துக்குக் கை கூசலையே?"

வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். மறுநாள் வந்தார். வளையத்தைக் குழிக்கு அருகே பனிமேல் ஓரமாக இறக்கிவிட்டு, கோட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"ஊர்ஹோ தைப்பாலே... நாட்டுக்குத் துரோகம் செய்தவர்... கழகத்தின் பெயரைச் சொல்லவும் தகுதியற்றவர்..."

வார்த்தைகள் முகத்தைச் சுற்றியிருந்த கம்பளித் துண்டுக்குள்ளேயே அமுங்கிப்போயின. பாதிரியார் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே சுற்றி நின்றது.

"போதும்டி," என்று அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

லெம்பி கையை விடுவித்துக்கொண்டாள்.

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல. முதல்லேர்ந்து படிங்க."

சார்க்கிலா அவளைப் பார்த்தார். பிறகு சவப்பெட்டியைப் பார்த்தார். வாயை மூடியிருந்த துண்டைக் கழுத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, கடிதத்தை மறுபடி முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினார்.