பத்து மணிக்கு ஏறி மூணு மணிக்கு

அந்தப் பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் நீராவி எப்போதும் ஆளை அமுக்கும். படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அம்மாவின் வேலை. ஒரு விரிப்புக்கு இரண்டு ஆள் வேண்டும். அன்று கூட்டாளி வராததால் மகள் மறுமுனையைப் பிடித்திருந்தாள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். அதனால் மாமா அவளுக்கு வைத்த பெயர் டிகிரி. பாராட்டி வைத்த பெயர் ஒன்றும் இல்லை.

லாரி ஓட்டும் அந்த மாமா கதவில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

"அக்கா, வயசுப் பொண்ணக் கண்காணாத தேசத்துக்கு வேலைக்குன்னு ஒத்தையா அனுப்புறியே. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு ஓடுறது?"

"நான்தான் ஓடுவேன். என்ன பெரிய தூரம்? பத்து மணிக்கு ஏறுனா மூணு மணிக்கு இறங்கிடலாம். டிக்கெட்லயே போட்டிருக்கு. அஞ்சு மணி நேரம். நீ லோடு ஏத்தவே அதுக்கு மேல ஆக்குற."

மாமா கதவிலிருந்து நிமிர்ந்து கிளம்பப் பார்த்தார். டிகிரிக்குத் திக்கென்றது. அம்மா இத்தனை நாள் கண் கலங்காமல் பெட்டி கட்டியது இந்தக் கணக்கை நம்பித்தானா? பேசாமல் இருந்தால் மாமா வாலைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். நாளை மறுநாள் விமானம். ஆனால் என்றைக்காவது அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால், அஞ்சு மணி நேரத்தில் மகள் வந்துவிடுவாள் என்று இந்த மனுஷி வாசலையே பார்த்துக் கிடப்பாள்.

"அம்மா, மூணு மணிங்கிறது அந்த ஊரு மணி. அங்க நம்மள விட ஒம்பது மணி நேரம் பின்னாடி. உள்ளபடிக்குப் பதினாலு மணி நேரம் பறக்கணும்."

அம்மா விரிப்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

மாமாவுக்கு உயிர் வந்தது. "எத்தனை கிலோமீட்டர்?"

"பன்னெண்டாயிரம் இருக்கும்."

"ஐயையோ! என் வண்டியில போனா மாசக்கணக்குல ஆகும்டி, நடுவுல கடல் வேற. பாத்தியா அக்கா, படிச்சவ உன்ன எப்படி ஏமாத்திருக்கா!"

"ஏமாத்தணும்னா வாய மூடிட்டு இருந்திருப்பேன் மாமா." சுள்ளென்று விழுந்தது வார்த்தை. அம்மாவைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "வேண்டாம்னா சொல்லும்மா. போகல."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

அம்மா நடந்து வந்து, தன் கையிலிருந்த முனைகளை மகளின் கையில் சேர்த்தாள்.

"காலையில நான் வேலைக்கு வர்றப்ப நீ என்ன பண்ணுவ?"

"அங்க நடுராத்திரி. தூங்குவேன்."

"நான் படுக்கப் போறப்ப?"

"ஆபீஸ்ல இருப்பேன்."

அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப நல்லதாப் போச்சு. நீ தூங்குறப்ப நான் முழிச்சிருப்பேன். இங்க என்ன, ரெண்டு பேரும் சேர்ந்தாப்புல தூங்கித் தொலைக்கிறோம். யாரு யாரப் பாத்துக்குறது?"

"அக்கா, இது என்ன கணக்கு?"

"நீ சும்மா இருடா." அம்மா மகளின் கன்னத்தில் ஒட்டிய நூலை எடுத்துப் போட்டாள். "பதினாலு மணி நேரமும் அந்த நாற்காலியிலயேவா உக்காந்திருப்ப? காலு வீங்கிடும்டி. நடுவுல எழுந்து நட. யாராவது கேட்டா, எங்கம்மா நடக்கச் சொன்னாங்கன்னு சொல்லு."