சின்னவன் சொன்ன பாதி உண்மை

லிஃப்ட் மெக்கானிக் இறந்து வெகு காலம் கழித்துத்தான் வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்தது. அதுவரை அவன் மனைவி நீதிமன்றத்தில் கேட்டதெல்லாம் 'வாய்தா' என்ற ஒரே சொல். முதல் தடவை அதை ஏதோ தண்டனை என்று நினைத்துப் பயந்துபோனாள். வழக்கை வேறொரு நாளைக்குத் தள்ளிவைக்கிறார்கள், அவ்வளவுதான் என்று அரசுத் தரப்பு வக்கீலம்மா விளக்கியதும் அசடு வழியச் சிரித்தாள். பிறகு அது பழகிவிட்டது. சீருடை தைக்கும் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைப்பது அவள் வேலை. அங்கே லீவு கேட்டுப் போய் நின்றாலே, "என்ன, வாய்தாவா?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

அவள் கணவன் இறந்தது ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில். லிஃப்ட் குழிக்குள் நின்று கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது, மொட்டைமாடி மோட்டார் அறையில் யாரோ சுவிட்சைத் தள்ளிவிட்டார்கள். லிஃப்ட் பெட்டி அவன் மேல் இறங்கிவிட்டது. அன்று மேலே இருந்தவன் அவனுடைய சொந்தத் தம்பி. சூப்பர்வைசர்தான் அவசரப்பட்டு சுவிட்சைப் போட்டார், என் கண்ணால் பார்த்தேன் என்று அவன் போலீசில் சொன்னான். வழக்கே அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் நின்றது.

தம்பியை எல்லோரும் சின்னவன் என்றே கூப்பிடுவார்கள். அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு மீசைகூட அரும்பவில்லை. அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தான். அண்ணனிடமே தொழிலும் கற்றுக்கொண்டான். அண்ணன் போன பிறகு, குழாய் ஒழுகினாலும் விளக்கு எரியாவிட்டாலும் அவன்தான் ஓடி வந்தான். ஆனால் வேலை முடிந்ததும் வாசலோடு போய்விடுவான். ஒரு வாய் சாப்பிட்டுப் போ என்றால், பசியில்லை அண்ணி என்பான். துக்கம் அவனை இப்படி ஆக்கிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கூண்டில் ஏறி அவன் சத்தியப்பிரமாணம் எடுத்தபோது அவள் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் சுவிட்சைப் போட்டதைப் பார்த்தீர்களா என்று வக்கீலம்மா கேட்டார். சின்னவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளை ஒருமுறை பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"பார்க்கலை. அவர் போடலை."

அப்படியானால் யார் போட்டது என்று கேட்டதற்குத் தெரியாது என்றான். வக்கீலம்மா நீதிபதியிடம் ஏதோ கேட்டார். அவள் காதில் 'பிறர் சாட்சி' என்று விழுந்தது. நம் சின்னவன் எப்படிப் பிறர் சாட்சி ஆவான் என்று அவளுக்குப் புரியவில்லை. அதன்பின் வக்கீலம்மாவே அவனை மடக்கி மடக்கிக் கேட்டார். அவன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

வெளியே நடைபாதையில், இடைவேளைத் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு வக்கீலம்மா சொன்னார்: "பிறர் இல்லம்மா, பிறழ். பிறழ்சாட்சி. நம்ம சாட்சின்னு கூப்பிடுறோம், அவர் முன்னாடி சொன்னதை மாத்திப் பேசுறார். அப்போ அவரை நாமளே குறுக்கு விசாரணை பண்ண அனுமதி கேட்போம். இனி அவரை நம்பி இந்த வழக்கு இல்ல."

அவன் விலை போய்விட்டானா என்று அவள் கேட்டாள். அது எனக்குத் தெரியாதும்மா என்றார் அவர்.

அன்றிலிருந்து அவள் சின்னவனுக்குக் கதவைத் திறக்கவில்லை. தீர்ப்பு நாளில் நீதிபதி தலையை நிமிர்த்தாமல் படித்தார். சந்தேகத்தின் பலனை அளித்து சூப்பர்வைசர் விடுதலை. செய்தாரா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது தண்டிக்கக் கூடாது, அதற்குத்தான் அந்தப் பெயர் என்று வக்கீலம்மா மெதுவாக எடுத்துச் சொன்னார். மேல்முறையீடு என்று ஒன்று உண்டு, பெரிய கோர்ட்டில் மறுபடி பார்க்கச் சொல்லலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசிக்கும் முன் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்று அவள் சின்னவனின் அறைக்குப் போனாள். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. அடுப்பு பற்றவைத்தே பல நாள் ஆனதுபோல் கிடந்தது.

"உங்க அண்ணனை என்ன விலைக்குடா வித்தே?"

அவன் நின்ற இடத்திலேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"அவர் போடலை அண்ணி. நான்தான் போட்டேன்."

வேலை முடியும்வரை யாரும் சுவிட்சைப் போடாதபடி அண்ணனும் இவனும் அதற்குப் பூட்டு கேட்டார்களாம். முதலில் வேலையை முடியுங்கள் என்று சூப்பர்வைசர் போன் பேசக் கீழே போய்விட்டாராம். மேலே இவன் மட்டும். குழிக்குள்ளிருந்து அண்ணன் கத்தியது சுவரில் மோதி மோதி வந்தது. 'போடு' என்றுதான் இவன் காதில் விழுந்தது. அண்ணன் சொன்னது 'போடாதே' என்பது பெட்டி நகர்ந்த பிறகுதான் புரிந்தது. போலீசைப் பார்த்த பயத்தில் சூப்பர்வைசர் பெயர் வாயில் வந்துவிட்டது. பிறகு அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"கூண்டுல நின்னு உங்க முகத்தைப் பார்த்ததும் பொய் வரலை அண்ணி. முழுசா உண்மையும் வரலை."

சாகும் நேரத்தில் கணவன் தன்னைக் கூப்பிட்டிருப்பான் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்து வந்திருந்தாள்.

"உங்க அண்ணன் கடைசியா பேசினது அதுதானா?"

ஆமென்று அவன் தலையை ஆட்டினான். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டான்.

"என்னைக் கேட்காதே. உன்னை மன்னிச்சேன்னு சொல்லவும் எனக்கு நாக்கு எழலை. போய் ஜெயில்ல கிடன்னு சொல்லவும் எழலை."

அவனாகவே வக்கீலம்மாவைத் தேடிப் போனான். ஒப்புதல் வாக்குமூலம் என்றால் என்ன என்று அவர் உடைத்துச் சொன்னார்: யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது, சொல்வதெல்லாம் உனக்கெதிராகவே திரும்பும், முதலில் உனக்கென்று ஒரு வக்கீலைப் பார். அவன் பார்த்தான். அதன் பிறகும் நீதிபதி முன் போய் எல்லாவற்றையும் சொன்னான். பூட்டு தராத சூப்பர்வைசரை என்ன செய்வார்கள் என்று அவள் கேட்டாள். சுவிட்சைப் போட்டது அவர் இல்லை என்று ஆனதால் இனி மேல்முறையீடும் நிற்காது, விடுதலையானவரை அதே குற்றத்துக்குப் புதிதாக விசாரிக்கவும் முடியாது என்று பதில் வந்தது. சட்டத்தில் அவளுக்குப் புரிந்தும் ஆறாத இடம் அது ஒன்றுதான்.

சின்னவன் வழக்கில் அவளும் கூண்டேறினாள். எதிரி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். அவள் திகைத்து நின்றாள். குற்றம் சாட்டப்பட்டவரைத்தான் இங்கே அப்படிச் சொல்வது என்று வக்கீலம்மா தணிந்த குரலில் சொன்னார்.

"கொழுந்தன்," என்றாள். "நான் வளர்த்த பிள்ளை."

முதல் வார்த்தை மட்டும் பதிவாயிற்று.

அவனுக்குக் கொஞ்ச காலச் சிறை. அவள் உடனே போய்ப் பார்க்கவில்லை. மழைக்காலம் போய், வெயில் வந்த பிறகுதான் ஒரு நாள் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் மெலிந்து நின்றான். சாப்பிடுறியா என்று கேட்டாள். சாப்பிடுறேன் அண்ணி என்றான். நேரமாகிவிட்டது என்று காவலர் வந்து நின்றதும், அடுத்த மாதம் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.