முன்சீட்டு நோயாளி

இரவு ஷிஃப்ட் முடிந்து அவள் வீட்டு வாசலில் கால் வைத்தபோது சமாளி காரைக் கழுவிக்கொண்டிருந்தான். சமாளி என்பது அவள் கணவனுக்கு அவனுடைய அண்ணன்மார் வைத்த பேர். வீட்டுப்பாடம் எழுதாமல் பள்ளிக்கூடம் போய், அடி வாங்காமல் சிரித்துக்கொண்டே திரும்பி வந்த ஒரு நாளில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு உதிரவே இல்லை.

“சீக்கிரம் குளிச்சுட்டு வா. பெரியண்ணன் வீட்ல மதியச் சாப்பாடு. எல்லாரும் வந்துடுவாங்க.”

“நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன். எனக்குக் கண்ணு சொருகுது.”

“அண்ணி கேட்டா நான் என்ன பதில் சொல்றது? கார்ல தூங்கிக்கோ. போய்ச் சேர்ற வரைக்கும் உன்னை யாரு எழுப்பப் போறா?”

அவளுக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. ஈரம் போகாத படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கொதிக்கிற உருளைகளுக்கு நடுவே கொடுக்க வேண்டும். மறுபக்கம் மொடமொடவென்று காகிதம் போல வரும். கோணினால் திரும்ப நனைத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். விடிகிற நேரத்தில் முகம் ஆவியில் வெளுத்துப் போயிருக்கும், கணுக்கால் வீங்கியிருக்கும், வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். வர மாட்டேன் என்று சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. பேசாமல் குளிக்கப் போனாள்.

கார் கழுவி, துடைத்து, கண்ணாடிக்கு மெருகு போட்டுக் கிளம்புவதற்குள் நேரம் போய்விட்டது. போன நேரத்தைச் சாலையில் பிடித்துவிடலாம் என்பது சமாளியின் கணக்கு. அவன் குளியலறைச் சாமான்கள் விற்கும் கம்பெனியில் விற்பனை ஆள். வாரம் முழுக்க ஊர் ஊராகக் கார் ஓட்டுகிறவன். வேகமாகப் போவான், பிடிபடுவான், ஆனால் அபராதம் கட்ட மாட்டான். அதில் அவனுக்குத் தனிப் பெருமை உண்டு. குடும்பம் கூடுகிற இடத்திலெல்லாம் தம்பிமார், மச்சான்மார் சுற்றி உட்கார, பாடமே நடத்துவான்.

“கையைக் காட்டினாங்கன்னா உடனே இண்டிகேட்டரைப் போட்டு ஓரம் கட்டிடணும். இழுத்துக்கிட்டே போய் நிறுத்தினா அப்பவே பாதி கோவம் வந்துடும். எஞ்ஜினை அணை. கறுப்புக் கண்ணாடியைக் கழட்டு. ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல, அவங்க கண்ணுல படற மாதிரி. நான் யாரு தெரியுமான்னு மட்டும் கேட்டுடாதே, அங்கயே முடிஞ்சுது கதை. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி மன்னிப்புக் கேளு. எவ்வளவு வேகத்துல வந்தேன்னு மட்டும் உன் வாயால சொல்லாதே. வெயில்ல நிக்கறீங்களே, தண்ணி இருக்கு, குடிக்கறீங்களான்னு கேளு. மனுஷன்தானே அவரும்?”

“எதுக்கும் மசியலன்னா?” என்று யாராவது கேட்பார்கள்.

சமாளி மனைவி பக்கம் கையைக் காட்டுவான். எல்லாரும் சிரிப்பார்கள்.

அவள்தான் கடைசி ஆயுதம். மகனை அவள் வயிற்றில் சுமந்தது பத்து மாதம். போலீஸ்காரர்களுக்காகச் சுமந்தது அதைவிட அதிகம். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற அவளுடைய அம்மா இரண்டு தடவை நெடுஞ்சாலையில் இறந்திருக்கிறாள். அவள் வசனம் எதுவும் பேச வேண்டியதில்லை. கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், மீதியை அவன் பார்த்துக்கொள்வான். முதல் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கூச்சம். இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை.

அன்றைக்கு அவளைக் கண்ணை மூடச் சொல்லவே தேவைப்படவில்லை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள்.

கிடங்குகள் வரிசையாக நிற்கும் நீண்ட நேர்ச்சாலை. மேம்பால நிழலில் வேகம் அளக்கும் கருவியோடு ஒரு போலீஸ்காரம்மா நின்றிருந்தார். பக்கத்தில் அவருடைய பைக். கையைக் காட்டினார்.

சமாளி எல்லாவற்றையும் முறைப்படி செய்தான். இண்டிகேட்டர், எஞ்ஜின், கறுப்புக் கண்ணாடி, இரண்டு கை.

“மன்னிச்சுக்கங்க மேடம். தப்புதான்.”

“லைசென்ஸ்.”

“இந்த வெயில்ல நிக்கறீங்களே மேடம், ஜில்லுனு தண்ணி இருக்கு.”

“எனக்கும் இருக்கு. லைசென்ஸ் குடுங்க.”

“இதுதான் மேடம் முதல் தடவை…”

“காலையிலேருந்து பிடிச்ச எல்லாருக்கும் இதுதான் முதல் தடவை.” அவர் குரலில் எரிச்சல்கூட இல்லை. ஒரே கேள்விக்கு ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போன குரல். கையிலிருந்த சின்ன மெஷினில் வண்டி நம்பரைத் தட்ட ஆரம்பித்தார்.

சமாளி குரலைத் தாழ்த்தினான். “மேடம், சொல்லக் கூடாதுன்னு பார்த்தேன். வைஃப்புக்கு நெஞ்சு வலி. அதான் கொஞ்சம் அழுத்திட்டேன்.”

போலீஸ்காரம்மாவின் விரல் நின்றது. குனிந்து உள்ளே பார்த்தார். வெளுத்த முகம், பிளந்த வாய், நெற்றியில் ஒட்டிய ஈர முடி. சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடி வந்து கதவைத் திறந்து, அவள் கழுத்தில் விரலை வைத்தார். அவள் திடுக்கிட்டு, “விரிப்பு கோணிடுச்சு” என்று முனகினாள்.

“நினைவு தப்பிப் பேசறாங்களே! இதை முதல்லயே சொல்ல மாட்டீங்களா? என்னய்யா ஆளு நீங்க? என் பின்னாடியே வாங்க. விடாம வாங்க.”

“இல்ல மேடம், நாங்களே மெதுவா…”

அவர் பைக்கில் ஏறிவிட்டார். சைரன் அலறியது.

லாரிகள் ஒதுங்கின. பஸ் ஒதுங்கியது. சிவப்பு விளக்குகளில் வண்டிகள் இரண்டாகப் பிளந்து வழிவிட்டன. எந்த வேகத்துக்காக நிறுத்தப்பட்டானோ அதைவிட வேகமாகச் சமாளி ஓட்டிக்கொண்டிருந்தான். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது.

“எங்க போறோம்?” என்றாள் அவள், முழுசாக விழித்து.

“ஆஸ்பத்திரிக்கு.”

“ஐயோ, யாருக்கு என்ன?”

“உனக்குத்தான். நெஞ்சு வலி.”

அவள் முன்னால் பறக்கும் பைக்கைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு தலையைச் சீட்டில் சாய்த்துக்கொண்டாள். “எப்பலேருந்து?” என்று மட்டும் கேட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்காரம்மா ஓடிப் போய்ச் சொன்ன சொல்லுக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. அவசரப் பிரிவில் ஒரு கட்டிலில் கிடத்தித் திரையை இழுத்தார்கள். ஒரு நர்ஸ் குளிர்ந்த பசையைத் தடவி மார்பிலும் கணுக்காலிலும் ஒயர்களை ஒட்டினார்.

“வலி எங்கம்மா இருக்கு?”

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. அந்தப் பகுதி எப்போதும் அவனுடையது. “எல்லா இடத்துலயும்தான்,” என்றாள். அது உண்மை.

வந்த டாக்டருக்கு வயது குறைவு; தூக்கம் அதைவிடக் குறைவு. இமைகள் தடித்திருந்தன. காகிதத்தில் ஓடிய கோடுகளைப் பார்த்தார். “இதுல பயப்பட ஒண்ணும் தெரியல. இருந்தாலும் ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம். ரிசல்ட் வர்ற வரைக்கும் அசையாம படுத்திருங்க.”

அசையாமல் படுத்திரு என்று அவளிடம் யாரும் சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டது.

டாக்டர் நகர்ந்ததும் சமாளி திரைக்குள் தலையை நீட்டினான். “அண்ணன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. வலி நின்னுடுச்சுன்னு சொல்லு. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம்.”

“டாக்டர் படுக்கச் சொல்லியிருக்காரு.”

“உனக்குத்தான் ஒண்ணும் இல்லயே!”

“அது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே.”

“விளையாடறியா?”

“இல்லங்க. தூங்கப் போறேன்.” ஒயர்கள் இழுக்காமல் மெல்ல ஒருக்களித்துப் படுத்தாள். அவன் இன்னும் ஏதோ சொன்னான். அவள் காதில் விழவில்லை.

எவ்வளவு நேரம் தூங்கினாளோ, ஏதோ உருள்கிற சத்தத்தில் கண் விழித்தாள். திரை விலகியிருந்தது. எதிரே நடைபாதையில், சுவரை ஒட்டி ஒரு ஸ்ட்ரெச்சர். அதன்மேல் சட்டை திறந்து கிடந்த ஒரு பெரியவர் வாயால் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். தொங்கவிட ஸ்டாண்ட் இல்லாததால் அவர் மகள் மருந்துப் பையைக் கையாலேயே தூக்கிப் பிடித்து நின்றாள். கை வலித்தபோது மறு கைக்கு மாற்றினாள். “சிஸ்டர், இன்னும் பெட் கிடைக்கலயா?” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். அந்த மகளின் பார்வை ஒரு கணம் இவள் மேல் விழுந்தது. கோபம் இல்லை. நிஜமான நோயாளி ஒருத்தி இன்னொரு நோயாளியின் வீட்டாரைப் பார்ப்பதுபோல இவளும் பார்க்க வேண்டியிருந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்து ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். மெஷின் கீச்சென்று கத்தியது. நர்ஸ் ஓடி வந்தார்.

“சிஸ்டர், எனக்கு வலியே இல்ல. போலீஸ் நிறுத்தினப்ப என் வீட்டுக்காரர் பொய் சொல்லிட்டாரு. நானும் பேசாம படுத்துட்டேன். அவருக்கு இந்த பெட்டைக் குடுங்க.”

திட்டு விழும் என்று காத்திருந்தாள். நர்ஸுக்கு அதற்கு நேரமில்லை. “தள்ளுங்க, தள்ளுங்க,” என்று விரிப்பை ஒரே இழுப்பில் உருவி எறிந்து புதிது விரித்தார். இரண்டு பேர் பெரியவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். மகள் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கையை உதறிக்கொண்டாள். திரை மூடிக்கொண்டது. செருப்பைத் தேடி எடுத்து மாட்டியபடி அவள் வெளியே நடந்தாள். யாரும் தன்னைத் தடுக்காதது அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

வெளியே பெஞ்சில் போலீஸ்காரம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஹெல்மெட், கையில் ஆறிப்போன டீ. பூட்ஸின் நாடாக்கள் தளர்ந்திருந்தன. கொஞ்சம் தள்ளி, கையில் போனை வைத்துக்கொண்டு சமாளி. அவளைக் கண்டதும் துள்ளி எழுந்தான். “என்னம்மா, பரவாயில்லயா இப்ப?” என்றான், போலீஸ்காரம்மா காதில் விழும்படி.

அவள் அவனைத் தாண்டிப் போனாள்.

“மேடம், எனக்கு ஒண்ணும் இல்ல. ராத்திரி வேலை பார்த்துட்டு வந்து தூங்கிட்டு இருந்தேன். இவர் வேகமாத்தான் வந்தாரு. எழுதிடுங்க.”

“தெரியும்,” என்றார் போலீஸ்காரம்மா.

சமாளி போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

“வாசல்ல உங்களை ஸ்ட்ரெச்சர்ல ஏத்தறாங்க. இவர் வண்டியை நிறுத்த நிழல் தேடிக்கிட்டிருந்தாரு. வெயில்ல நிறுத்திட்டு, மறுபடி எடுத்து, மரத்தடியில கொண்டு போய் விட்டாரு. பொண்டாட்டிக்கு நெஞ்சு வலின்னு வர்றவன் கதவைக்கூடச் சாத்த மாட்டான்மா. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்.”

“அப்ப ஏன் மேடம் போயிடல?”

அவர் டீயை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். “நிஜமா இருந்துட்டா? வேலையில சேர்ந்த புதுசுல ஒருத்தரை நிறுத்தினேன். அம்மாவுக்கு முடியலன்னு கெஞ்சினாரு. அதுக்கு முன்னாடி அன்னைக்கே நாலஞ்சு பேர் அதையே சொல்லியிருந்தாங்க. நான் நம்பல. லைசென்ஸைக் காட்டு, அதைக் காட்டு, இதைக் காட்டுன்னு நிக்க வச்சுட்டேன். அந்தம்மா பிழைச்சுட்டாங்க. ஆனா ஒரு பக்கம் கையும் காலும் வரல.” ஹெல்மெட்டைத் திருப்பி வைத்துக்கொண்டார். “அதுக்கப்புறம் யாரு என்ன சொன்னாலும் கூட்டிட்டு வந்துடறது. பொய்யாப் போச்சுன்னா நல்லதுதானே. கொஞ்ச நேரம் உட்கார்ந்த மாதிரியும் ஆச்சு.”

அவர் மெஷினை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். சமாளி, “மேடம், இதுதான் முதல்…” என்று பழக்க தோஷத்தில் தொடங்கிவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மெஷின் துண்டுச் சீட்டைத் துப்பியது. வாங்கிக்கொண்டான். போலீஸ்காரம்மா நாடாக்களை இறுக்கிக் கட்டி, முழங்காலில் கை ஊன்றி எழுந்து, பைக்கை நோக்கிப் போனார்.

கார் மரத்தடியில் குளுகுளுவென்று நின்றிருந்தது. சமாளி முன்கதவைத் திறந்துவிட்டான். அவள் பின்கதவைத் திறந்து ஏறினாள்.

“ஏன் அங்க?”

“இனிமே முன்னாடி உட்கார மாட்டேன். என்னை வீட்ல இறக்கிட்டு நீங்க அண்ணன் வீட்டுக்குப் போங்க.”

அவன் எஞ்ஜினைக் கிளப்பவில்லை. “இப்ப என்ன ஆகிப்போச்சு? யாருக்கு என்ன நஷ்டம்? அபராதம்தான் எழுதிட்டாங்கல்ல?”

“உள்ள ஒரு பெரியவருக்குப் பெட் இல்லாம வராந்தாவுல போட்டிருந்தாங்க. மூச்சு விட முடியாம கிடந்தாரு. அவர் பெட்ல நான் தூங்கிட்டு இருந்தேன்.”

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். ஏதாவது சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். இதற்கும் ஒரு சமாதானம் அவனிடம் இருக்கும். அவனோ ஆஸ்பத்திரிக் கட்டடத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

வழியில் போன் அடித்தது. ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தான். “இல்லண்ணே, வரல. வேகமா வந்தேன், பிடிச்சுட்டாங்க… ஆமா, எழுதிட்டாங்க… இல்ல, அவளுக்கு ஒண்ணும் இல்ல. ராத்திரி வேலை பார்த்துட்டு வந்தவ, நான்தான் இழுத்துக்கிட்டு வந்துட்டேன்.” அந்தப் பக்கம் யாரோ சிரிப்பது பின்சீட்டு வரை கேட்டது. அவன் சிரிக்கவில்லை.

அவள் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். உடம்பு முழுக்கத் தூக்கம் இருந்தும் கண் மூட மறுத்தது. கார் மெதுவாகப் போனது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்து அடித்து முந்திச் சென்றன. மருந்துப் பையைத் தூக்கிப் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு இப்போது மூச்சு சீராகியிருக்குமா என்று நினைத்துக்கொண்டே, ஜன்னலில் வந்து வந்து போகும் மின்கம்பங்களைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.