ஒரே காலடிச் சத்தம்

நாங்கள் இரண்டு பேர் இருந்த வீட்டில் ஒருவர் நடக்கிற சத்தம்தான் கேட்கும். அது அம்மா செய்த ஏற்பாடு. அவள் எழுந்தால் நான் எழ வேண்டும். அவள் வலது காலை வைக்கும்போது நானும் வலது காலை வைக்க வேண்டும். தளம் பலகையால் ஆனது. எலி ஓடினாலும் கீழ்வீட்டுக்குக் கேட்டுவிடும். தனியாள் என்று சொல்லித்தான் அம்மா அந்த மாடி அறையை வாடகைக்குப் பிடித்திருந்தாள். அதனால் எனக்குத் தாகம் எடுத்தால் அம்மாவுக்கும் எடுத்தாக வேண்டும்.

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கிற இடத்தில் அம்மாவுக்கு வேலை. காலையில் அவள் கதவைப் பூட்டிவிட்டுப் போனதும் நான் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. சோற்றுத் தட்டும் கரண்டியும் தலைமாட்டில் இருக்கும். அவசரத்துக்குக் கட்டிலை ஒட்டி ஒரு வாளி. தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்ம வேண்டும். ராணி மாதிரி பகல் முழுக்கக் கட்டிலிலேயே வீற்றிருந்தேன். ராணியிடம் பேசத்தான் ஆளில்லை.

எங்களிடம் இந்த நாட்டில் இருப்பதற்கான தாள் எதுவும் கிடையாது. வரும்போது எனக்கு எட்டு வயது. பின்னாலேயே வருகிறேன் என்று சொன்ன அப்பா வரவேயில்லை. இந்தக் கதையில் அவருக்கு இதற்கு மேல் இடம் கொடுப்பதாக இல்லை.

பதினோரு வயதில் எனக்குக் காய்ச்சல் முற்றிப்போய், அம்மா வேறு வழியில்லாமல் நடுராத்திரியில் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எந்தப் பள்ளிக்கூடம் என்று நர்ஸ் கேட்டாள். அம்மா திருதிருவென்று விழித்தாள். தாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம், இங்கே சட்டமே அப்படித்தான் என்று அந்த நர்ஸ் சொன்ன பிறகுதான் நான் வெளிச்சத்தைப் பார்த்தேன். பள்ளிக்குப் போகிற பிள்ளையை இனி ஒளித்துவைக்க முடியாது என்பதால் வீட்டையும் மாற்றிக்கொண்டோம்.

இப்போது எனக்குப் பதினெட்டு ஆகப்போகிறது. பத்து வயதுக்கு முன்னால் வந்து இங்கேயே வளர்ந்த பிள்ளைகள், பதினெட்டு ஆவதற்குள் விண்ணப்பித்தால் நிரந்தரமாகத் தங்கலாம். பிறந்தநாள் தாண்டிவிட்டால் எனக்கு ஞாபகமே இல்லாத ஓர் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளியில் சேர்ந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் ஆதாரம் இருந்தது. அதற்கு முன்னால் நான் இங்கே இருந்ததற்குத்தான் எதுவுமே இல்லை.

“அம்மா சொல்றது செல்லாது. வெளியாள் ஒருத்தர் சொல்லணும்” என்றார் என் விண்ணப்பத்தைத் தயார் செய்த வக்கீலம்மா. “அந்த வயசுல உன்ன யாராவது பாத்திருப்பாங்கல்ல?”

யாரும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதற்காகத்தானே அத்தனை பாடு. ஒளிந்திருந்த அந்தக் காலத்திலும் நான் தாராளமாகப் பள்ளிக்கூடம் போயிருக்கலாம், யாரும் தொட்டிருக்க முடியாது என்று அவர் சொன்னபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மாவுடன் பேசவில்லை. பஸ்ஸில் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தோம். அப்போதும் இறங்கி நடந்தபோது என் கால் பாழாய்ப்போன பழக்கத்தில் அவள் காலோடு சேர்ந்துதான் விழுந்தது.

மறுநாள் நான் மட்டும் பழைய தெருவுக்குப் போனேன். கீழ்வீட்டுக்காரர் செருப்புத் தைப்பவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. எனக்கு அவர் முகம் தெரியாது. சுத்தியல் சத்தம் மட்டும்தான் தெரியும். ஒரு பெண்மணியின் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“மேல ஒரு அம்மா மட்டும்தாம்மா இருந்தாங்க. கொழந்த சத்தம் கேட்டதே இல்ல. நான் எப்படிம்மா பொய் சொல்றது?”

பொய் இல்லை ஐயா, நான்தான் அந்தக் குழந்தை என்றேன். இருக்கலாம், ஆனால் தனக்குத் தெரியாததற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். வருத்தப்பட்டுச் சொன்னார். பிறகு குனிந்து ஆணியை அடிக்க ஆரம்பித்தார். நான் போவதற்காகத் திரும்பினேன்.

அந்தச் சத்தம் என்னை நிறுத்தியது. அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்று இருந்தது. என் கட்டிலின் தலைமாட்டில் கீழ்வீட்டிலிருந்து மேலே ஏறும் ஓர் இரும்புக் குழாய். அவர் சுத்தியலை நிறுத்தும்போதெல்லாம் உலகத்தில் யாருமே இல்லாத மாதிரி எனக்குப் பயமாக இருக்கும். அப்படி ஒருநாள் கரண்டியால் குழாயில் மூன்று தட்டு தட்டி, கொஞ்சம் விட்டு, இன்னொரு தட்டு தட்டினேன். கீழேயிருந்து அதே மாதிரி பதில் வந்தது. அன்றிலிருந்து மத்தியானம்தோறும் தட்டினேன், பதிலும் வந்தது. வளர்ந்த பிறகு எனக்கே நம்பிக்கை போய்விட்டது. அவர் பாட்டுக்கு ஆணி அடித்திருப்பார், தனியாகக் கிடந்த பிள்ளை அதைப் பதில் என்று நினைத்துக்கொண்டிருக்கும் என்று முடிவுகட்டிவிட்டேன்.

பட்டறைச் சுவரோரம் அதே குழாய் இருந்தது. கையில் இருந்த வீட்டுச் சாவியால் அதில் தட்டினேன். மூன்று. கொஞ்சம் விட்டு ஒன்று.

அவர் கை அப்படியே நின்றது. என்னைப் பார்க்கவில்லை, குழாயைத்தான் பார்த்தார். பிறகு சுத்தியல் பிடியால் மெதுவாகத் திருப்பித் தட்டினார்.

“அது நீயா?” என்றார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “அந்தம்மான்னுல்ல நெனச்சேன்” என்றார். அவர் காது மடல் சிவந்துபோயிருந்தது. மத்தியானத்தில் அவ்வளவு அன்பாகத் தட்டுகிறவள் வாசலில் பார்த்தால் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள் என்று அவருக்குப் புரியவே இல்லையாம். ஒருநாள் முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று சிரித்திருக்கிறார். அம்மா முறைத்துவிட்டுப் போய்விட்டாளாம்.

“ஆனா அவங்க வேலைக்குப் போறத தெனமும் பாப்பேனே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “சாயங்காலம்தான் வருவாங்க. அப்ப மத்தியானம் மேல வேற ஆளு இருந்திருக்கணும். இது எனக்குத் தோணியிருக்கணும்ல? தோணவேணாம்னு இருந்துட்டேன் போல.”

அந்த வாரமே வக்கீலம்மாவின் அலுவலகத்துக்கு வந்தார். பார்த்தீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்றார். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து கேட்டேன், அவர்கள் குடிவந்த வருஷத்திலிருந்தே எத்தனையோ நாள் கேட்டேன், அதே தட்டை இந்தப் பெண் என் முன்னால் தட்டிக் காட்டினாள் என்றார். தட்டு எந்த மாதிரி என்று கேட்டபோது மேசையில் தட்டிக் காண்பித்தார். இவ்வளவு நேர்மையான சாட்சியை நம்பாமல் இருப்பது கஷ்டம் என்று வக்கீலம்மா சொன்னார். பிறந்தநாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

கையெழுத்து முடிந்த அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சலவைச் சட்டை விஷயத்துக்குச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. தேய்த்துத் தேய்த்துத் தழும்பேறிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நீ தட்டினா அவரு பதிலுக்குத் தட்டுவாரா?”

“ஆமாம்மா.”

“தெனமுமா?”

“ஆமா.”

“நான் இல்லாதப்ப உனக்கு ஒரு ஆளாவது இருந்துச்சா” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். இத்தனை வருடங்கள் அந்தக் கட்டிலில் நான் மட்டும்தான் கிடந்தேன் என்று நினைத்திருந்தேன். அவளும் துவைக்கிற இடத்தில் நின்றபடி அந்தக் கட்டிலிலேயேதான் கிடந்திருக்கிறாள். என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்தேன். பழக்கத்தில் அவளும் எழப் பார்த்தாள். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். சமையலறைக்கு நான் மட்டும் நடந்தேன், குதிகால் தரையில் நன்றாகப் படும்படி. அம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.