பதினாறு எழுத்து, ஐந்து அசை

1

நான் கேட்டிருக்கக் கூடாத ஓர் ஒலிப்பதிவில் பிறந்தது இந்தக் கதை. முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெளிநாட்டில் ஒரு கணவன் இருந்தான், அவனுக்கு" [வேண்டாம். 'அவன்' என்று எழுதினால் நான் நழுவிவிடுவேன்.]

நான்தான் அந்தக் கணவன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவன். கல்யாணமாகி நாலு வருடம்; சேர்ந்து இருந்தது இருபத்தாறு நாள். மனைவி இங்கே வர வேண்டுமானால் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை காய்ச்சல் என்று போகவில்லை. நாளை மூன்றாவது முறை, கடைசி வாய்ப்பும் அதுதான்.

2

தினமும் மதிய இடைவேளையில், விரிப்பு அடுக்கும் அறையில் நின்று, நீளமான வினைச்சொல் ஒன்றை எட்டு நிமிடம் பதிவு செய்து அனுப்புவேன். 'அகோன்பஞரே' என்று ஒன்று. உடன் வருவார்கள், வர முடிந்தால், என்று பொருள். பிரெஞ்சு எழுத்தில் பதினாறு, வாயில் ஐந்து அசை. கடைசி மூன்று எழுத்துக்குச் சத்தமே கிடையாது. சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவை.

"அ" என்பேன். அவள் திருப்பிச் சொல்ல இடைவெளி விடுவேன். "கோன்." இடைவெளி. "அவசரப்படாதே. மூச்சு வாங்கிக்கோ. நான் இருக்கேன்."

[வாசகரே, போனில் நான் பேசுவது மொத்தம் மூன்று வார்த்தை: சாப்டியா, சரி, வெச்சிடறேன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று அம்மாவே திட்டுவாள்.]

3

அவள் அனுப்பும் பதிலில் எப்போதும் 'ஞ'வில் திக்குவாள். நேற்று பதிவை நிறுத்த மறந்துவிட்டாள். தொடர்ந்து அவள் தங்கையின் குரல் கேட்டது.

"சமைக்கும்போது தண்ணிபட்ட பாடா சொல்றியே அக்கா, அவருக்கு மட்டும் ஏன் திக்குற?"

"வந்துடுச்சுன்னு தெரிஞ்சா பாடத்தை நிறுத்திடுவாருடி. அப்புறம் வெறும் சாப்டியாதான்."

"அங்க போயிட்டா கூடவே இருப்பியே?"

"அங்க போனா அதுகூடக் கேக்கமாட்டாரு. நான் சாப்பிடறதத்தான் எதிர்ல உக்காந்து பாத்துட்டிருப்பாரே."

4

முடிவுகள்:

(அ) அவள் தேறி வந்துவிடுகிறாள். ஒரு மேசை, இரண்டு தட்டு, யாரும் [அடித்துவிட்டேன்.]

(ஆ) மறுபடி காய்ச்சல். பாடம் தொடர்கிறது. எனக்கு அறுபது வயது ஆகும்போது [கடவுளே.]

(இ) போன் செய்து மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறேன். [இன்று காலை செய்தேன். "சாப்டியா" என்றேன்.]

5

அதனால்தான் எழுதினேன். 'வாசகரே' என்றது பொய். வாசகர் நீ ஒருத்திதான். இன்றைய பாடமாக இதை முதல் வரியிலிருந்து உனக்கு வாசிக்கப் போகிறேன். என்னைச் சுற்றி நானூறு விரிப்புகள். அழுதாலும் வெளியே கேட்காது.

உனக்காக ஏங்கிப்போய்க் கிடக்கிறேன். நீ வந்த பிறகு எதிரில் உட்கார்ந்து பேசுவேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் தினமும் மதியம் இந்த அறைக்கு வந்து, வீட்டில் இருக்கும் உனக்கு எட்டு நிமிடம் பேசி அனுப்புவேன். அது என்னால் முடியும்.

தேர்வு காலை ஒன்பதரைக்கு. போனாயா, காய்ச்சலில் படுத்தாயா என்ற வரியை நான் எழுதமாட்டேன். அது உன்னுடையது. எதுவானாலும், என்னிடம் திக்காமல் சொல்லு.